குடம் இரண்டு வேண்டும்: உத்திரமேரூர் பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

உத்திரமேரூர் பேரூராட்சித் தலைவர், மன்ற உறுப்பினர்கள், செயல் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். கல்வெட்டு வாசிப்பவர்களும் ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுமாகச் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கேட்பது ஒன்றே. ஊரின் வரலாற்றைச் சொல்லும் கையேடு ஒன்றையும் நாலைந்து பலகைகளையும் பேரூராட்சி தன் பொறுப்பில் செய்ய வேண்டும். அதில் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஆள் எடுத்த குடவோலையை மட்டும் சொல்லி நிறுத்தாமல், அந்தக் குடவோலை எதற்காகப் போடப்பட்டதோ அந்த ஏரியையும் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஊரின் பெயர் இன்று நாடெங்கும் தெரியும். 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பேச்சிலும் இவ்வூரின் குடவோலைக் கல்வெட்டு வந்தது. அதன் பிறகு வந்து பார்க்கிறவர்கள் கூடியிருப்பார்கள். வருகிறவர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக்கு முன் நின்று கல்லைப் பார்ப்பார், எழுத்து புரியாது, ஒரு படம் எடுத்துக்கொள்வார், 'ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்' என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த வாக்கியத்தில் இரண்டு தவறு இருக்கிறது. ஊர் தன் வாயால் சொல்லும் இடத்திலாவது அவை இருக்கக் கூடாது.

முதல் தவறு 'ஓட்டு'. குடவோலையில் யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. அது சீட்டுக் குலுக்கல். தகுதி உள்ளவர்களின் பெயரை அந்தந்தக் குடும்பார், அதாவது ஊர்ப் பிரிவினர், ஓலையில் எழுதுவார்கள். குலுக்கி எடுத்ததில் எந்தப் பெயர் வருகிறதோ அவர் வாரியத்துக்கு, அதாவது ஊர்க் காரியம் பார்க்கும் குழுவுக்கு, போவார். எண்ணிக்கை இல்லை, பெரும்பான்மை இல்லை, தோற்றவரும் இல்லை. இதைச் சொன்னால் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஆதரவு திரட்டவும் பணம் கொடுக்கவும் வழியே விடாத முறை அது. இன்றைக்கு அதைப் படிப்பவருக்கு அதுதான் சுவையான செய்தி.

இரண்டாவது தவறு, கல்வெட்டு ஒன்று என்று நினைப்பது. இரண்டு. சோழ அரசன் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, 14ஆம் ஆட்சியாண்டில் ஒன்று. பொது ஆண்டில் 919, 921 என்று வைப்பது வழக்கம். 1898ஆம் ஆண்டுக் கல்வெட்டு அறிக்கையில் இவை 1, 2 என்ற எண்களில் பதிவாகியுள்ளன. கல்வெட்டறிஞர் வெங்கய்யா இவற்றை 1904-05 தொல்லியல் ஆண்டறிக்கையில் வெளியிட்டார். முதல் ஏற்பாட்டை அரசன் ஆணைப்படி உடனிருந்து செய்வித்தவர் தத்தனூர் மூவேந்தவேளான். இரண்டாவதற்கு வந்தவர் சோழநாட்டுப் புறங்கரம்பை நாட்டைச் சேர்ந்த சோமாசிப் பெருமான். இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். சபை தானாகக் கூடி முடிவெடுத்தது என்று மட்டும் எழுதினாலும் அது அரைகுறைதான். அரசனின் ஸ்ரீமுகம் (ஆணை ஓலை) வந்தது, அதிகாரி உட்கார்ந்திருந்தார், சபை வியவஸ்தை (விதி ஏற்பாடு) செய்தது. மூன்றும் கல்லிலேயே இருக்கின்றன.

இரண்டையும் ஒன்றாகக் கலப்பதால் வரும் குழப்பத்துக்கு வயது வரம்பு நல்ல உதாரணம். 919இல் 30க்கு மேல் 60க்குள். 921இல் 35க்கு மேல் 70க்குள். ஒரு புத்தகத்தில் 30, இன்னொன்றில் 35 என்று பார்க்கும் மாணவர் இதில் ஏதோ ஒன்று பிழை என்று நினைத்துக்கொள்கிறார். பிழை இல்லை, கல் வேறு. பலகையில் ஆண்டைக் குறிக்காமல் வயதை மட்டும் எழுதினால் இந்தக் குழப்பத்தை நாமே வளர்ப்போம்.

921ஆம் ஆண்டுக் கல்வெட்டின் நடைமுறையை அப்படியே, எதையும் கூட்டாமல் எழுதிவைத்தாலே போதும். குடும்பு முப்பது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயரைத் தனித்தனி ஓலையில் தீட்டுகிறார்கள். குடும்புக்கு ஒரு கட்டு. அந்தக் கட்டுக்கு மேல் எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலை. முப்பது கட்டும் குடத்துக்குள். மகாசபை சிறியோர் பெரியோர் என்று பாராமல் நிறைந்து கூடுகிறது. ஊரில் இருக்கும் நம்பிமார் (கோயில் பூசகர்) ஒருவரையும் விடாமல் மண்டபத்தில் உட்கார வைக்கிறார்கள். அவர்களில் வயதில் மூத்த நம்பி எழுந்து, எல்லாரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அந்தக் கட்டில் உள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் போட்டுக் குலைக்கிறார்கள். அதிலிருந்து அந்தச் சிறுவன் ஓர் ஓலை எடுத்து மத்தியஸ்தன் (நடுவர்) கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் அதை எப்படி வாங்க வேண்டும் என்பதையும் கல் சொல்கிறது: ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்க வேண்டும். பிறகு வாசிக்கிறான். அதே ஓலையை உள்ளே இருக்கும் நம்பிமார் அனைவரும் வாசிக்கிறார்கள். அதன் பிறகே பெயர் தீட்டப்படுகிறது. இப்படிக் குடும்புக்கு ஒருவர், முப்பது பேர்.

அந்த விரித்த ஐந்து விரல்தான் இந்தக் கல்வெட்டின் உயிர் என்பது எங்கள் கருத்து. விரலிடுக்கில் வேறு ஓலை ஒளித்து மாற்றிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விதி எழுத முடியாது. யாரோ ஒருவர் அதற்கு முன் மாற்றிப் பார்த்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் கல்லில் அது இல்லை, ஆகவே பலகையிலும் அது வேண்டாம். பலகையில் கல்லில் இருப்பது மட்டும் வரட்டும். வழிகாட்டி வாயால் சொல்கிற ஊகம் வேறு.

யாரெல்லாம் இதற்குள் வர முடியாது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். இது பிரமதேயம், சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளித்த ஊர். சபை என்பது பிராமண நில உடைமையாளர்களின் சபை. கால் நிலத்துக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வேத சாத்திரப் பயிற்சி, காரியத்தில் திறமை, நேர்மையாக ஈட்டிய பொருள். இவை தகுதிகள். அரைக்கால் நிலமே உடையவரானாலும் ஒரு வேதமும் ஒரு பாஷியமும் (உரைநூலும்) கற்று எடுத்துரைக்கக் கூடியவர் என்றால் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை உண்டு. பெண்கள் இல்லை, நிலத்தில் உழைத்தவர் இல்லை. இதையும் பலகையில் எழுதிவிட்டால் 'எல்லாருக்கும் வாக்குரிமை' என்று எவரும் தவறாகப் புகழ மாட்டார்கள், 'இதில் என்ன ஜனநாயகம்' என்று எவரும் மடக்கவும் முடியாது. கால் நிலம் என்றால் கால் வேலி. இன்றைய கணக்கில் வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர் என்று கொண்டால் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். ஆனால் ஊருக்கு ஊர் கோல் மாறிய காலம் அது. 'ஏறக்குறைய' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

சொற்களிலும் கவனம் தேவை. கல்வெட்டில் வரும் 'சேரி' இன்று நாம் சொல்லும் பொருளில் இல்லை. அது ஊரின் பகுதி, பன்னிரண்டு சேரி இருந்தன. 'குடும்பு' என்பது குடும்பம் அல்ல, தேர்ந்தெடுப்புக்கான பிரிவு. 'வாரியம்' மட்டும் ஆயிரம் ஆண்டு தாண்டியும் கிட்டத்தட்ட அதே பொருளில் மின்வாரியத்தில் நிற்கிறது. இந்த மூன்றையும் ஒரு சிறு கட்டத்தில் விளக்கினாலே பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

இனி நாங்கள் முக்கியமாகக் கேட்க வந்த பகுதி.

தேர்ந்தெடுத்த முப்பது பேர் என்ன செய்தார்கள்? அவர்களில் ஏற்கெனவே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள், பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கு, அதாவது ஆண்டு வாரியத்துக்கு. எஞ்சியவர்களில் பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கு. மீதி அறுவர் ஏரி வாரியத்துக்கு. பொறுப்பு 360 நாள். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியாக ஒரு குடவோலை. அந்த இரண்டுக்கும் கழுதை ஏறியவரையும் பொய்யாவணம் எழுதியவரையும் சேர்க்கக் கூடாது என்று விதி. ஆண்டு வாரியத்துக்குப் போக வேண்டுமானால் முதலில் ஏரியையும் தோட்டத்தையும் பார்த்துத் தேறியிருக்க வேண்டும் என்ற வரிசையைக் கவனியுங்கள். மேலே உட்காரும் முன் மதகையும் (வயலுக்கு நீர் விடும் வாய்) கலங்கலையும் (மிகுநீர் வழியும் இடம்) தெரிந்துகொண்டு வா என்கிறது அந்த விதி.

அந்த ஏரிக்கு அன்று பெயர் வயிரமேக தடாகம். வயிரமேகன் என்பது பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயர். ஊர் இரண்டாம் நந்திவர்மன் காலமாகிய எட்டாம் நூற்றாண்டில் அமைந்தது, ஏரி அதைத் தொடர்ந்து வந்தது. அதாவது குடவோலைக் கல்லுக்கு நூறு ஆண்டுக்கு முன்பே ஏரி இருந்தது. ஏரியில் தூர் எடுப்பதற்கென்று ஏற்பாடு செய்துவைத்த செய்திகள் பல்லவர் காலக் கல்வெட்டிலேயே உண்டு. ஆனால் ஊரைப் பற்றி எழுதும் எவரும் ஏரிக்கரையில் ஒரு பலகை வைக்கும் அளவுக்குப் போனதில்லை. சபை கூடிய இடத்தைக் காட்டுகிறோம், சபை எதைப் பற்றிக் கவலைப்பட்டதோ அந்த நீரைக் காட்டுவதில்லை.

ஏரிக்கரைப் பலகையில் என்ன எழுதலாம் என்றால், ஓர் ஏரி எப்படி வேலை செய்கிறது என்பதையே எழுதுங்கள். வரத்துக்கால் வழியாக நீர் வருகிறது. கரை தடுக்கிறது. மதகு வயலுக்கு விடுகிறது. நிறைந்தால் கலங்கல் வழிந்து போக்குக்கால் வழியாக அடுத்த ஏரிக்குப் போகிறது. ஓடி வரும் நீர் கரையை நெருங்க நெருங்க வேகம் குறையும், வேகம் குறைந்த இடத்தில் நுண்மண் படியும். ஆகவே வண்டல் சேருவது ஆழமான இடத்தில், மதகை ஒட்டி. ஏரி வாரியத்தார் ஆண்டுதோறும் சண்டையிட்டது இந்த மண்ணோடுதான்.

இன்றைக்கும் அந்தச் சண்டை அப்படியேதான் இருக்கிறது, ஆகவே இன்றைய கணக்கையும் பக்கத்தில் எழுதலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் வண்டல் படிந்தால் அது ஒரு லட்சம் கன மீட்டர். டிராக்டர் டிப்பருக்கு 3 கன மீட்டர் என்று வைத்தால் 33,000 லோடுக்கு மேல். தமிழ்நாடு சிறு கனிம விதிப்படி விவசாயி ஏரி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்ற அளவு வழக்கில் உள்ளது. டிராக்டர் கணக்கில் 25 லோடு, 30 லோடு. அனுமதி தாசில்தாரிடம். நன்செய்க்குரிய 75 கன மீட்டரை ஓர் ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் உயரம்கூட வராது. அப்படியானால் ஒரு லட்சம் கன மீட்டரைத் தீர்க்க 1,300 ஏக்கருக்கு மேல் வயல் வேண்டும். இந்த ஒரு பத்தியைப் படித்தவர் 'தூர் வாரிவிட்டோம்' என்ற செய்தியை அடுத்த முறை வேறு கண்ணோடு படிப்பார்.

தூர் எடுப்பதில் வழக்கமாக நேரும் மூன்று பிழைகளையும் எழுதிவிடுங்கள், பயன்படும். ஒன்று, வசதிக்காகக் கரையின் உள்ளடியை ஒட்டித் தோண்டுவது. கரைக்குப் பிடிமானம் போய்விடும், மழையில் சரியும், அடியில் கசியும். இரண்டு, மதகின் அடிமட்டத்துக்குக் கீழே பள்ளம் பறிப்பது. அங்கே நிற்கும் நீர் கிணற்றுக்கு ஊறலாம், மாடு குடிக்கலாம், மதகு வழியாக வயலுக்கு ஒரு சொட்டும் ஏறாது. ஆழம் கூடியது என்று மகிழ்கிறவர்கள் பாசனம் கூடவில்லையே என்று பிறகு கேட்பார்கள். மூன்று, கலங்கலில் மணல் மூட்டை அடுக்கி உயர்த்துவது. உள்வாயில், அதாவது ஏரி நீர் பரவும் பக்கத்தில், இருக்கும் நிலம் முழுகும், பெருமழை வந்தால் நீர் கலங்கலை விட்டுக் கரை மேல் ஏறும். மண் கரை மேல் நீர் ஏறினால் பிறகு பேச ஒன்றும் இருக்காது. வேலைக்கு ஏற்ற காலம் சித்திரை முதல் ஆடி வரை. ஐப்பசி மழைக்கு முன் கரை இறுகியிருக்க வேண்டும்.

ஏரி நீர்வளத் துறையின் கையில் இருந்தால் பேரூராட்சிக்கு மண்வெட்டி பிடிக்கும் அதிகாரம் இல்லை என்பது தெரியும். பலகை வைப்பதற்குத் துறையின் இசைவு போதும். வரத்துக்காலில் குப்பையும் கழிவுநீரும் சேராமல் பார்ப்பதோ முழுக்க உங்கள் வேலை. ஆக்கிரமிப்பு என்றால் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எல்லை அளந்து கல் நட்ட வரைபடத்தை ஒரு தடவை கேட்டு வாங்கி அலுவலகச் சுவரில் மாட்டிவைத்தாலே பாதி வேலை நடக்கும்.

கணக்கு என்றோமே, அதையும் சொல்லிவிடுகிறோம். 921 கல்வெட்டில் மிக நீளமான விலக்கு எதற்குத் தெரியுமா? வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கு. அவர் மட்டும் அல்ல. அவருடைய சிற்றவை பேரவ்வை மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், உடன்பிறந்தவன், பெண் கொடுத்த மாமனார், மனைவியின் உடன்பிறந்தவன், உடன்பிறந்தாளை மணந்தவன், அவள் பிள்ளைகள், மருமகன், தகப்பன், மகன் என்று உறவு முழுவதையும் வரிசையாக அடுக்கி, இவர்களில் ஒருவர் பெயரையும் குடவோலைக்கு எழுதக் கூடாது என்கிறது. ஒருவன் கணக்கு மறைத்தால் மைத்துனனும் வீட்டில் உட்கார வேண்டும். கல்யாண வீட்டில் அவனை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கணக்கெழுதுபவனுக்கும் விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே பெருங்குறிப் பெருமக்கள் (மகாசபையார்) முன் காட்ட வேண்டும். சரி என்று தேறின பிறகே அடுத்த கணக்குக்குள் நுழையலாம். வேறொரு கணக்கன் புகுந்து அதை முடித்துவைக்கக் கூடாது.

பேரூராட்சி என்பதால் இங்கே கிராம சபை கிடையாது. சபைக்குப் பேர் பெற்ற ஊரில் கிராம சபை இல்லை என்பது கொஞ்சம் வேடிக்கைதான், ஆனால் சட்டம் அப்படி. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022இல் வந்த விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. வரலாற்றுக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அவை எப்போது, எங்கே கூடுகின்றன என்று அச்சிடலாம்.

இனிக் கையேட்டுக்கான பொருளை எங்கே தேடுவது என்பது. பழைய ஆவணங்களில் ஊர் 'உத்தரமல்லூர்' என்று இருக்கும், செங்கற்பட்டு ஜில்லா, மதுராந்தகம் தாலுகா என்று போட்டிருக்கும். காஞ்சிபுரம் மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது. கல்வெட்டுகளில் ஒரு பெரும் பகுதி தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஆறாம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. கோயில்களையும் கல்வெட்டுகளையும் சேர்த்து ஆராய்ந்த பிரான்சுவா குரோ, இரா. நாகசாமி இருவரின் பிரெஞ்சு நூல் 1970இல் வந்தது. வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் சபை ஆட்சியை விரிவாக எழுதினார். நில வரலாறு வேண்டுமானால் செங்கற்பட்டு ஜாகீர் ஊர்களைப் பார்னார்டு என்ற ஆங்கிலேயர் 1767 முதல் 1774 வரை அளந்த கணக்கும் அதை ஒட்டிய ஓலைக் கணக்குகளும் உண்டு. ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. கல்லின் மேல் தாளை ஒட்டி மையால் எடுக்கும் மைப்படிகளைப் பொறுத்தவரை, மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பேரூராட்சித் தீர்மானத்தோடு இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுக்கு எழுதினால் இரண்டு கல்வெட்டின் ஒளிப்படப் படியைக் கேட்கலாம். புதிதாக மைப்படி எடுக்க உள்ளூர் ஆர்வலர்களை அனுப்ப வேண்டாம். தாளை நனைத்து ஒட்டித் தூரிகையால் தட்டும்போது பொரிந்த கல்லாக இருந்தால் எழுத்தோடு பெயர்ந்துவரும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அனுமதியின்றி அதைச் செய்வது குற்றமும்கூட.

ஊர் பெற்ற பெயர்களைக் காலவரிசையில் கொடுங்கள்: உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம், இராஜேந்திர சோழச் சதுர்வேதிமங்கலம், விஜயகண்டகோபாலச் சதுர்வேதிமங்கலம். பல்லவர், சோழர், தெலுங்குச் சோழர் என்று மாறிய கை இந்தப் பெயர்களிலேயே தெரியும். இடையில் இராட்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் 'கன்னரதேவன்' என்ற பெயரில் வருகிறான், பார்த்திவேந்திரவர்மன் கல்வெட்டுகளும் ஏராளம். அரசன் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. சோழர்கள் இராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூட்டிக்கொண்டார்கள். ஒரு கல்லில் வெறும் 'கோப்பரகேசரி' என்று இருந்தால் அது பராந்தகன் என்று எழுதிவிடக் கூடாது. 'மதிரை கொண்ட' என்ற அடைமொழி இருந்தால்தான் பராந்தகன் என்று துணியலாம். இல்லையென்றால் எழுத்தமைதி (எழுத்தின் வடிவம்) பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கோயில் திருவிழா மலர்களில் அதிகம் நேரும் தவறு இது.

சுந்தர வரதப் பெருமாள் கோயிலுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். மூன்று தளத்திலும் கருவறை, நின்ற, இருந்த, கிடந்த கோலங்கள். இப்படி அமைந்த கோயில்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. குழம்பேசுவரர் கோயிலில் 2020 டிசம்பரில் திருப்பணியின்போது படிக்கட்டு அடியில் பொன்நகை கிடைத்த செய்தியையும் எழுதி, கீழே ஒரு வரி சேருங்கள்: மண்ணுக்கடியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பழங்கோயில் நிறைந்த ஊரில் இது மறுபடி நடக்கக்கூடியது.

பலகைகள் பற்றி. வைகுண்டப் பெருமாள் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. நிழற்கூரை, வளைவு, கான்கிரீட் மேடை எதுவானாலும் டெண்டர் விடுவதற்கு முன் அனுமதி. பாதியில் நின்ற வளைவைவிட மோசமான வரலாற்றுச் சின்னம் வேறில்லை. மண்டபத்துக் கல்லில் ஆணி, திருகு, பசை ஒன்றும் கூடாது. சுண்ணாம்பு பூசுவதும், மணல் வீச்சால் கழுவுவதும், எண்ணெய் விளக்கைச் சுவரை ஒட்டி வைப்பதும் எழுத்தைத் தின்றுவிடும். சிமெண்டால் இடுக்கு அடைத்தால் உள்ளே தங்கும் ஈரம் கல்லின் வழியாகவே வெளியேறும், உப்புப் பூத்து மேற்பரப்பு செதில் செதிலாக உதிரும்.

பிளெக்ஸ் வேண்டாம். நம் வெயிலில் ஓரிரண்டு ஆண்டில் வெளுத்துவிடும். எனாமல் தகடு விலை கூடுதல், ஆனால் பல்லாண்டு நிற்கும். கறுப்புக் கிரானைட்டில் வெட்டினால் அழகுதான், ஒரு பிழை இருந்தால் அதுவும் கல்லில் வெட்டிய பிழை. ஆகவே முதல் ஆண்டு மலிவான பலகை வைத்து, வருகிறவர்கள் சுட்டும் திருத்தங்களைச் சேர்த்து, இரண்டாம் ஆண்டு நிலையான பலகைக்குப் போவது நல்லது. ஒரு பலகையில் 150 சொல்லுக்கு மேல் யாரும் படிப்பதில்லை. ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்று படிக்க எழுத்து 8 முதல் 10 மில்லிமீட்டர் உயரம் இருக்கட்டும். தரையிலிருந்து முக்கால் மீட்டர் முதல் ஒன்றரை மீட்டருக்குள் பலகை முடிந்தால் சிறுவர்களும் சக்கர நாற்காலியில் வருபவரும் படிக்கலாம்.

ஒரு பலகையைக் கல்லைப் படிக்கச் சொல்லித்தருவதற்கே வையுங்கள். பத்தாம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்து, இடையிடையே வடசொல்லுக்குக் கிரந்தம். மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இல்லை, எ ஏ வேறுபாடும் ஒ ஓ வேறுபாடும் எழுத்தில் தெரியாது. இந்த மூன்றைச் சொல்லி, 'ஏரி வாரியம்', 'குடவோலை' என்ற இரண்டு சொல்லும் எந்த வரியில் இருக்கின்றன என்று கோட்டுப் படத்தில் வட்டமிட்டுக் காட்டினால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நவம்பர் 1 உள்ளாட்சி நாளை ஒட்டி, பகுதி சபை கூடும் அன்று, பேரூராட்சி வளாகத்தில் குடவோலையைப் பிள்ளைகளை வைத்து நடத்திக் காட்டலாம். முப்பது கட்டு, கட்டுக்கு ஐந்து என்று 150 நறுக்கு ஓலை, முப்பது வாயோலை, கட்ட நூல், வயதில் மூத்த ஒருவர், எழுத்துத் தெரியாத ஒரு குழந்தை, மத்தியஸ்தனாக ஒரு மாணவி. அரை மணி நேரத்தில் ஐந்தாறு குடும்புக்கு எடுத்துக் காட்டி, மீதியைச் சொல்லி முடிக்கலாம். அது முடிந்ததும் அந்த ஆண்டில் வரத்துக்காலுக்கும் குளங்களுக்கும் செலவிட்ட தொகையை, கணக்கெழுதியவரே எழுந்து வாசிக்கட்டும். பாடப் புத்தகப் படங்களைப் பார்த்து ஒரே குடத்தோடு வந்துவிடாதீர்கள். கட்டுகளுக்கு ஒன்று, பிரித்துக் குலைக்க ஒன்று, இரண்டு குடம் வேண்டும்.

இப்படிக்கு,
கல்லையும் ஏரியையும் படிக்கும் சிலர்